சிட்டுக்குருவி அழிந்துவரும் இனமா? பட்டியல் சொல்வதும் தெரு சொல்வதும்

ஆண்டுதோறும் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் ஒரே வாரத்தில் கண்ணில் படும். சிட்டுக்குருவி அழிவின் விளிம்பில் நிற்கிறது, செல்போன் கோபுரங்கள்தான் அதைக் கொன்றன என்று ஒரு செய்தி. உலகச் சிவப்புப் பட்டியலில் அது 'கவலை குறைந்த' இனம்தான் என்று இன்னொன்று. 'எங்கள் தெருவில் பார்த்துப் பல வருடம் ஆயிற்று' என்று அதன் கீழே வாசகர் கடிதம்.

இவற்றில் கோபுரக் கதையையும் 'அழிவின் விளிம்பு' என்ற சொல்லையும் தள்ளிவிட்டால் மற்ற இரண்டும் உண்மை. உலகக் கணக்கும் தெருக் கணக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று புரிய, இந்தப் பறவை எங்கே வாழ்கிறது, எதை நம்பி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தக் குருவியைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டையொட்டி வாழும் சிட்டுக்குருவியின் அறிவியல் பெயர் பாசர் டொமெஸ்டிகஸ். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் வகைப்படுத்திய பறவைகளில் இதுவும் ஒன்று. ஆண் குருவிக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், தொண்டையில் கறுப்புத் திட்டு, கன்னம் வெள்ளை. பெண் குருவி வெளிறிய பழுப்பு. கண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கோடு ஓடும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் காப்பிக் கடை மேசைக்கடியில் பார்ப்பது பெரும்பாலும் இதே பறவை அல்ல. அது மரச் சிட்டு, பாசர் மொன்டானஸ். அதற்கு உச்சந்தலை செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. சீனாவில் 1958இல் தொடங்கிய 'நான்கு கேடு ஒழிப்பு' இயக்கத்தில் கோடிக்கணக்கில் கொல்லப்பட்டதும் இந்த மரச் சிட்டுதான். இணையத்தில் சுற்றும் சிட்டுக்குருவிச் செய்திகளில் இந்த இரண்டு இனங்களின் புள்ளிவிவரங்களும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

சிறு வயது சாலிம் அலி காற்றுத் துப்பாக்கியால் சுட்ட, அவரைப் பறவையியலுக்கு இழுத்துவந்த அந்தப் புகழ்பெற்ற குருவியும் வீட்டுச் சிட்டு அல்ல. கழுத்தில் மஞ்சள் திட்டு உள்ள வேறோர் இனம். தமிழ்நாட்டின் புன்செய்க் காடுகளிலும் மரத்தோப்புகளிலும் அதைப் பார்க்கலாம்.

சிவப்புப் பட்டியல் எதை அளக்கிறது?

ஐ.யு.சி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடுவது சிவப்புப் பட்டியல். பறவைகளுக்கான மதிப்பீட்டை அதற்காகச் செய்வது பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல். இந்தப் பட்டியல் கேட்பது ஒரே கேள்வி: இந்த இனம் பூமியிலிருந்தே மறைந்துபோகும் ஆபத்து எவ்வளவு?

அந்த ஆபத்தை அளக்கத் திட்டவட்டமான வரம்புகள் உண்டு. 'அழிவுக்கு இலக்காகக்கூடிய' இனம் என்ற முதல் அபாயப் படிக்குள் ஒரு பறவை வர, கீழே உள்ளவை போன்ற நிலை ஒன்றாவது இருக்க வேண்டும்:

1. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள், எண்ணிக்கை 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருக்க வேண்டும்.
2. அல்லது, அது பரவியுள்ள நிலப்பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகி, அதோடு சரிவும் சிதறலும் இருக்க வேண்டும்.
3. அல்லது, இனப்பெருக்கம் செய்யும் வயதுடைய பறவைகள் 10,000க்கும் குறைவாகி, தொடர்ந்து குறைந்துகொண்டிருக்க வேண்டும்.

சிட்டுக்குருவி இந்த வாசல்கள் எதற்கும் பக்கத்தில்கூட இல்லை. உலகப் பறவைகளின் எண்ணிக்கையைக் கணிக்க முயன்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்டுக்குருவிகள் ஏறத்தாழ 160 கோடி இருக்கலாம் என்றது. காட்டுப் பறவைகளில் அதுதான் முதலிடம். ஆகவே 'கவலை குறைந்த இனம்' என்ற முத்திரை சரியானதே.

ஆனால் அதே பதிவில், எண்ணிக்கையின் போக்கு என்ற இடத்தில், 'குறைந்து வருகிறது' என்றும் எழுதியிருக்கிறது. முத்திரையை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான விடுபடல். முத்திரை இன்றைய இருப்பைக் காட்டுகிறது. போக்கு அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டுகிறது.

எண்ணிக்கை மிகுதி மட்டுமே காப்பாகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1980கள் வரை இந்தியாவில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய வெண்முதுகுப் பாறு (பிணந்தின்னிக் கழுகு), 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து காரணம். இப்போது அது பட்டியலின் மிக மோசமான அபாயப் படியில் இருக்கிறது. சிட்டுக்குருவிக்கு அப்படியொரு பேரிடி விழவில்லை. இடத்துக்கு இடம், மெதுவாக, ஒவ்வொரு குடியிருப்பாக அது விலகிக்கொண்டிருக்கிறது. அத்தகைய இழப்பை உலக அளவிலான பட்டியல் காட்டாது. அது அதற்காக உருவாக்கப்பட்டதும் அல்ல.

மனிதன் போன இடமெல்லாம்

இந்தப் பறவையின் பரவலை வரைபடத்தில் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் ஊர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அடர்ந்த காட்டில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில்கூட, மலையூர்க் கடைத்தெருவில் சிட்டுக்குருவி இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளிச் சோலைக்காட்டுக்குள் போனால் இருக்காது. மக்கள் காலி செய்துபோன ஊரைவிட்டு இதுவும் போய்விடும்.

இயற்கையான தாயகம் ஐரோப்பா, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா, இந்தியத் துணைக்கண்டம், மத்திய ஆசியா. மற்ற இடங்களுக்கு மனிதர்கள் கொண்டுபோனார்கள். 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் விடப்பட்டவற்றின் வழியில் வந்தவை வட அமெரிக்கா முழுக்கப் பரவின. 1860களில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போயின. இன்றைக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் சிட்டுக்குருவியைப் பயிருக்குக் கேடாகக் கருதி, உள்ளே வந்துவிடாமல் கண்காணித்துத் தடுத்துவருகிறது. இங்கே நாம் கூண்டு வைத்து அழைக்கும் பறவையை அங்கே எல்லையில் நிறுத்துகிறார்கள்.

இந்த ஒட்டுறவு எவ்வளவு ஆழமானது என்பதை 2018இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டியது. மத்திய ஆசியாவில் பாக்ட்ரியானஸ் என்றொரு துணையினம் உண்டு. அது மனிதரை அண்டாமல் புல்வெளிகளில் கூடு கட்டி, குளிர்காலத்தில் இந்தியப் பக்கம் வலசை வருகிறது. வீட்டுச் சிட்டையும் அதையும் ஒப்பிட்டபோது, மண்டையோட்டு அமைப்போடும் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியோடும் தொடர்புள்ள மரபணுப் பகுதிகள் வீட்டுச் சிட்டில் மாறியிருந்தன. இரண்டும் பிரிந்த காலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது மேற்காசியாவில் வேளாண்மை தொடங்கிய காலத்தை ஒட்டி. நாம் தானியம் விளைவிக்கத் தொடங்கியது இந்தப் பறவையின் உடலையே மாற்றியிருக்கிறது.

தமிழில் இதற்கு மிகப் பழைய கள ஆதாரம் இருக்கிறது. குறுந்தொகையின் 46ஆம் பாடலில் மாமிலாடன், வாடிய ஆம்பல் பூவைப் போன்ற சிறகுடைய வீட்டுக் குருவி முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருப் பொடியில் புரண்டு குளிக்கிறது, பிறகு வீட்டு இறவாணத்தில் (கூரை விளிம்பின் அடியில்) குஞ்சுகளோடு தங்குகிறது என்கிறார். தீனி, புழுதிக் குளியல், கூடு வைக்க வீட்டில் ஓர் இடுக்கு. இன்றைய பறவையியலாளர் எழுதும் தேவைப் பட்டியலில் குஞ்சுக்கு வேண்டிய புழுபூச்சியைச் சேர்த்துவிட்டால் அநேகமாக முடிந்தது.

எங்கே, எவ்வளவு குறைந்தது?

மிகத் தெளிவான நீண்டகாலக் கணக்கு லண்டனில் இருக்கிறது. கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் 1925இல் பறவையியலாளர் மேக்ஸ் நிக்கல்சன் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள். 1975இல் 544. 2000ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்த அதே நிக்கல்சனும் சேர்ந்து எண்ணியபோது வெறும் 8. பிரிட்டன் 2002இல் இதைத் தன் நாட்டளவிலான சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. உலகப் பட்டியலுக்கும் நாட்டுப் பட்டியலுக்கும் முடிவு வேறாக இருப்பதில் முரண் இல்லை. கேட்ட கேள்வி வேறு.

ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்த பரப்பில் 1980 முதல் ஏறத்தாழ 24 கோடியே 70 லட்சம் சிட்டுக்குருவிகள் குறைந்தன என்று 2021இல் ஓர் ஆய்வு கணித்தது. அதாவது பாதி. அந்த ஆய்வு பார்த்த பறவைகளில் எண்ணிக்கையில் மிக அதிகம் இழந்தது இதுதான்.

இந்தியக் கணக்கு வேறு மாதிரி. இங்கே அரை நூற்றாண்டு எண்ணிய பூங்கா எதுவும் இல்லை. 2020 பிப்ரவரியில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பறவை ஆர்வலர்கள் 15,500 பேர் இ-பேர்ட் தளத்தில் பதிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து 867 இனங்களை மதிப்பிட்டது. அதன் முறையை எளிதாகச் சொல்லலாம். ஒருவர் ஓரிடத்தில் சிறிது நேரம் நின்று, கண்ட எல்லா இனங்களையும் விடாமல் எழுதுவது ஒரு முழுப் பட்டியல். 2000க்கு முந்தைய பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் சிட்டுக்குருவி இருந்தது, பின்னர் எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். கணிசமாக இறங்கினால் சரிவு.

அப்படிப் பார்த்ததில் இரண்டு விடைகள் கிடைத்தன:

1. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது.
2. பெங்களூரு, சென்னை, டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய ஆறு பெருநகரங்களின் பதிவுகளைத் தனியே எடுத்தால் படிப்படியான சரிவு தெரிகிறது.

பத்திரிகை படிப்பவரும் எழுதுபவரும் பெரும்பாலும் இரண்டாவது வட்டத்துக்குள் இருப்பதால், இரண்டாவது விடையே நாட்டின் விடையாக உலவுகிறது. பேருந்தில் இரண்டு மணி நேரம் போய் ஒரு சிற்றூரில் இறங்கினால் டீக்கடைக் கூரையில் இதன் கூச்சல் கேட்கும். இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2000க்கு முன் பட்டியல் எழுதியவர்கள் குறைவு. அவர்களும் சரணாலயங்களுக்குப் போன அளவுக்குச் சிற்றூர்த் தெருக்களுக்குப் போகவில்லை. ஊரகத்தின் பழைய நிலை பற்றிய கணிப்பு அந்த அளவுக்கு மெல்லிய ஆதாரத்தில்தான் நிற்கிறது.

ஒரு தெருவை விட்டு ஏன் போகிறது?

ஒரே காரணம் தேடுவதை முதலில் விட வேண்டும். சிட்டுக்குருவியின் ஒரு வருட வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அது எங்கே அறுபடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

*1. கூட்டுக்கு இடுக்கு.* சிட்டுக்குருவி மரக்கிளையில் கிண்ணக் கூடு கட்டுவது அரிது. அதற்கு மூன்று பக்கமும் மூடிய பொந்து வேண்டும். நாட்டு ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே, கூரையின் இறவாணத்தில், சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் எல்லாம் அப்படி இடம் இருந்தது. கான்கிரீட் தளமும் கண்ணாடிச் சன்னலும் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டன. இன்றைய நகரத்தில் மிச்சமிருப்பவை கடை ஷட்டரின் மேல் பெட்டி, மின் மீட்டர் பெட்டி, பெயர்ப் பலகையின் பின்புறம். ஷட்டர் பெட்டிக் கூடு ஒன்றை அருகில் பார்த்தால் வைக்கோல், சணல், தையல் கடை நூல், கோழி இறகு, பாலித்தீன் நார் என்று தெருவின் குப்பை முழுதும் அதில் இருக்கும். கடைக்காரர் காலையும் இரவும் ஷட்டரை ஏற்றி இறக்க, அந்த உலுக்கலோடுதான் முட்டை பொரிகிறது.

*2. குஞ்சுக்குப் புழு.* இங்கேதான் பலருடைய கவனம் தவறுகிறது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு, முக்கியமாக முதல் சில நாட்களில், தானியம் ஆகாது. கம்பளிப்பூச்சி, அசுவினி, சிலந்தி, சிறு வண்டு ஆகியவற்றைத்தான் தாயும் தந்தையும் மாறி மாறிக் கொண்டுவருகின்றன. முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். இந்த இரண்டாவது இரண்டு வாரத்தில் கூட்டைச் சுற்றியுள்ள சிறு பரப்பில் பூச்சி இல்லையென்றால் குஞ்சு பட்டினியில் சாகும், அல்லது மெலிந்து பறந்து வெளியே போய்ச் சாகும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த விரிவான ஆய்வு இதைத்தான் கண்டது. நம் ஊரில் வீட்டைச் சுற்றி மண் தரை போய் சிமென்ட் கல் பதித்தாகிவிட்டது. கிளுவை வேலி போய் மதில் வந்தாகிவிட்டது. மிச்சமுள்ள தொட்டிச் செடிகள் பல, பூச்சி அண்டாத வெளிநாட்டு அலங்காரச் செடிகள். கொசு மருந்துப் புகையும் சேர்ந்துகொள்கிறது. கூடும் தானியமும் இருந்தும் குருவி பெருகாத தெருக்களை இது விளக்குகிறது.

*3. சிந்திய தானியம்.* அரிசியை முறத்தில் புடைத்து, குருணையையும் கல்லையும் முற்றத்தில் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கல் நீக்கிய அரிசி தைத்த பையில் வருகிறது. அந்தப் பை நேரே டப்பாவுக்குள் போகிறது. மளிகைக் கடையில் வாய் திறந்த சாக்குகள் குறைந்துவிட்டன. லண்டனில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேர்ந்த முதல் சரிவுக்கும் குதிரை வண்டிகள் மறைந்ததுதான் காரணம் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது: குதிரைத் தீவனத்தில் சிந்தியதும் சாணத்தில் கிடைத்ததும் இல்லாமல் போயின. நம் நகரங்களிலும் நெல் மண்டி, அரிசி மண்டி, சரக்கு இறங்கும் ரயில் நிலையம் ஆகியவற்றை ஒட்டியே இவை தங்கியிருப்பது தற்செயல் அல்ல.

*4. புதர்.* கூட்டமாக உட்கார்ந்து இரைச்சலிடவும் வல்லூறு வந்தால் ஒளியவும் நெருக்கமான செடி வேண்டும். ஒரு மருதாணிச் செடியோ முல்லைப் பந்தலோ போதும்.

நோயும் கணக்கில் உண்டு. லண்டன் குருவிகளில் பறவை மலேரியாக் கிருமியின் அளவுக்கும் எண்ணிக்கைச் சரிவுக்கும் தொடர்பிருப்பதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்திய நகரங்களிலும் அப்படித்தான் என்று அதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது.

இவற்றோடு இந்த இனத்தின் ஒரு குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சிட்டுக்குருவி நெடுந்தூரம் போகாது. பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கின்றன. தனி ஜோடியாகவும் அது செழிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் நான்கைந்து ஜோடிகளாவது கூடு வைக்கும் இடத்தில்தான் நிலைக்கிறது. அதனால் ஒரு தெருவில் கடைசிக் கூட்டமும் மறைந்தால், நடுவில் குருவியில்லாத குடியிருப்புகள் இருக்கும்போது, வேறெங்கிருந்தோ வந்து அந்த இடத்தை நிரப்பும் வாய்ப்பு மிகக் குறைவு. நாட்டில் கோடிக்கணக்கில் இருப்பது அந்தத் தெருவுக்கு உதவாது.

செல்போன் கோபுரம் பற்றி

இந்தக் குற்றச்சாட்டு வெறும் வதந்தியாகப் பிறந்ததல்ல. ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2007இல் வெளியாயின. மின்காந்தப் புலம் வலுவாக உள்ள இடங்களில் சிட்டுக்குருவிகள் குறைவாகப் பதிவாயின என்று அவை கூறின. 2018இல் வந்த பெரும் பொருட்செலவுத் தமிழ்ப் படம் ஒன்று இந்தக் கருத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால்,

1. அந்த ஆய்வுகள் காட்டியது வலுவான மின்காந்தப் புலமும் குருவிக் குறைவும் ஒரே இடத்தில் இருப்பதை மட்டுமே. கோபுரம் நெருங்கிய இடம் பெரும்பாலும் கட்டடம் நெருங்கிய, செடி அருகிய இடமும்தான். இவற்றில் எது குருவியை விரட்டியது என்பதை அவை பிரித்துக் காட்டவில்லை.
2. காலவரிசை ஒத்துவரவில்லை. லண்டன் பூங்காவில் ஐந்தில் நான்கு பங்கு குருவிகள் 1975க்கு முன்பே போய்விட்டன. பிரிட்டனில் செல்போன் சேவை வந்தது 1985இல், இந்தியாவில் 1995இல்.
3. கோபுரங்கள் சூழ்ந்த கடைத்தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் குருவி இன்றும் குஞ்சு பொரிக்கிறது. கோபுரமே கொல்லுமென்றால் அங்கேதான் முதலில் மறைந்திருக்க வேண்டும்.

கதிர்வீச்சு எந்த உயிருக்கும் எதுவும் செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. அது தனியே ஆராய வேண்டியது. நான் இதை விரிவாகச் சொல்லக் காரணம் வேறு. கோபுரத்தின் மேல் பழி போட்டுவிட்டால் வீட்டு வாசலில் சிமென்ட் கல் பதிப்பவருக்கும் பூங்காவில் புதரை வெட்டிப் புல்தரை போடும் நகராட்சிக்கும் எந்த வேலையும் இல்லாமல் போகிறது.

கூண்டு மாட்டுவதற்கு முன்

மேலே சொன்னவற்றிலிருந்து நடைமுறையில் என்ன வருகிறது என்பது நேரானது. கூண்டு வைத்தால் வருமா என்பது, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் குருவி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இருந்தால் கூண்டு நல்ல உதவி. பத்து தெருவுக்கு அப்பால்வரை எதுவும் இல்லையென்றால் பெட்டி வெறுமனே தொங்கும். பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் பெட்டி வழங்கும் விழாக்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வழங்கினால் பலன் பெருகும். எங்கே குருவி இன்னும் இருக்கிறதோ அந்தத் தெருக்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியின் துளை 32 மில்லிமீட்டர் போதும். பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். வெளியே உட்காரும் குச்சி வேண்டாம், அது காக்கைக்கும் பூனைக்கும்தான் பயன்படும். வெயில் நேரே விழாத சுவரில், இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்றாக மாட்டலாம். இலங்கையில் வீட்டுத் தாழ்வாரத்தில் மண் முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. ஒட்டுப்பலகைப் பெட்டியைவிட அது வெயிலுக்குக் குளிர்ச்சி.

தண்ணீரும் கம்பும் வைப்பது வளர்ந்த குருவிக்கு நல்லது. குஞ்சுக்கு வேண்டியதை நாம் தட்டில் வைக்க முடியாது. கீரைப் பாத்தியும் அவரைப் பந்தலும் மருந்தடிக்காமல் இருந்தால் அதுவாக வரும். ஏற்கெனவே மீட்டர் பெட்டியிலோ ஷட்டரிலோ கூடு இருந்தால், குஞ்சு பறக்கும்வரை வெள்ளையடிப்பதையும் பழுது பார்ப்பதையும் மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடுவது, புதிதாக வாங்கும் எந்தப் பெட்டியையும்விடப் பெரிய உதவி.

பிறகு, எண்ணுவது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததையெல்லாம் இ-பேர்டில் எழுதினால் போதும். சிட்டுக்குருவி தென்படாத பட்டியலையும் அனுப்ப வேண்டும். ஒரு தெருவில் அது இல்லை என்பதை ஆய்வாளர்கள் அறிந்துகொள்வது அத்தகைய பட்டியல்களிலிருந்துதான். சிற்றூர்களிலிருந்து இவ்வாறு வரும் பட்டியல்கள் இன்னும் குறைவு. நகரத்துக்கு வெளியே சிட்டுக்குருவியின் நிலை பற்றி அடுத்த அறிக்கை எவ்வளவு உறுதியோடு பேச முடியும் என்பது அவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது.